ரூத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி

நாமகிரிப்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்தால், கண்டக்டர் வந்து சேர்வதற்கு முன்பே பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "எந்த ஊருங்க?" நான் "மலேசியாங்க" என்பேன். அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "அது சரிங்க, அதுக்கு முன்னால எந்த ஊரு?" முன்னால் என்றால் என் தாத்தா கப்பல் ஏறுவதற்கு முன்னால். அது எந்த ஊர் என்று என் அப்பாவுக்கே தெரியாது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார், அப்பா பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார், நான் ஈப்போவில் பிறந்து ஆசிரியை ஆனேன். இவ்வளவுதான் எங்கள் வம்ச வரலாறு. "தெரியாதுங்க" என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், பர்ஸைத் தொலைத்துவிட்டு நிற்பவளைப் பார்ப்பதுபோல. எனக்கு எரிச்சலாக வரும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஈப்போ சபை என் கணவர் ஐசக்கை இங்கே ஊழியத்துக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டு மிஷனரி குடும்பம் வருகிறது என்று கேள்விப்பட்டு, நாங்கள் வந்த நாளில் பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். நாங்கள் இறங்கியதும் ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார்: "ஏனுங்க, வெள்ளைக்காரரு வாராருன்னாங்க, இவுங்க நம்மளாட்டவே இருக்காங்களே." அந்த ஏமாற்றத்தை ஐசக்கால் கடைசிவரை முழுதாகப் போக்க முடியவில்லை. அவர் ஜெபக் கூட்டம் நடத்தினார். நான் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் மகள் ரூத்துதான் எங்கள் இருவரையும்விட நன்றாக ஊழியம் செய்தாள், அதாவது எல்லார் வீட்டிலும் சாப்பிட்டாள்.

ரூத்துக்குப் பத்து வயது. உள்ளூர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தாள். என் கவலை அங்கேதான் தொடங்கியது. "ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று அவள் பேசும்போது எனக்குப் பகீரென்றது. இன்னும் சில வருடத்தில் ஈப்போவுக்குத் திரும்பினால் இந்தப் பிள்ளை அங்கே எப்படி ஒட்டும்? என் அக்கா கடிதத்துக்குக் கடிதம் இதையே எழுதினாள். ஏற்காட்டு மலைமேல் ஆங்கிலப் பள்ளி ஒன்றில், மிஷனரிகளின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான் பிடித்த பிடியை விடவில்லை. ஐசக் "யோசிப்போம்" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ரூத் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்காவிடம் தன் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அது எனக்குச் சம்மதமாகப் பட்டது.

பள்ளியிலிருந்து வந்த பட்டியலில் முதல் வரி: கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று, வெள்ளை எழுத்தில் பெயர். எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும் வெல்டர் ஒருவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். லாரிக்கு வெட்டியதில் மிஞ்சிய தகட்டில் தானே பெட்டி செய்து தருவதாகச் சொன்னார். ஐசக் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். கறுப்பு என்பதை அவரிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பள்ளிக்குப் புறப்பட்ட முதல் நாள் காலையிலேயே, பெட்டியை வாங்கிக்கொள்ள நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். சாலையின் இருபுறமும் பட்டறைகள். சுத்தியல் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள லாரி ஒன்று வந்து நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து அதை ஓட்டி வந்திருந்தார் டிரைவர். ஈப்போவில் எல்லா வண்டியும் முழுதாகக் கடையில் நிற்கும், பார்த்து வாங்குவோம். இங்கே வண்டிக்கு வீடு கட்டுவதுபோல மரம் அறுத்து, தகடு அடித்துக் கட்டுகிறார்கள். எனக்கே வேடிக்கையாக இருந்தது. ரூத் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் பட்டியலை எடுத்து முதல் வரியை மறுபடி படித்தேன். கிளிப்பச்சை. ஓரமெல்லாம் மஞ்சள் பட்டை. நான்கு மூலையிலும் தாமரை. மூடியில் இரண்டு மயில். பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று சிவப்பில். முன்பக்கம் லாரியின் நெற்றியில் எழுதுவதுபோல 'ரூத்' என்று நிழல் வைத்த எழுத்து. அதற்குக் கீழே அதே அளவில் 'நாமகிரிப்பேட்டை'.

பெயின்டர் முருகேசன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே பெருமையாக நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெல்டரைக் கேட்டால், "பாப்பா பெட்டின்னு சொன்னேனுங்க, அண்ணன் ஆசையாப் போட்டுட்டாரு" என்கிறார்.

"கறுப்புப் பெட்டிதான் கேட்டிருந்தோம்" என்றேன்.

"கறுப்பு நல்லாருக்காதுங்க."

"சரி, ஊர் பேரை எதுக்கு எழுதினீங்க? அவ இந்த ஊர்ப் பிள்ளை இல்லைங்க. நாங்க மலேசியா."

"இருக்கட்டுமுங்க. வண்டின்னா ஊர் பேரு இல்லாம எப்படிங்க? நடுவழில எங்காச்சும் நின்னுபோச்சுன்னா, எந்த ஊர் வண்டின்னு பாத்துத்தானுங்க நம்ம ஆளுங்க நிறுத்துவாங்க. ஊர் பேரு இல்லாத வண்டியை எவன் பாப்பான்?"

"இது வண்டி இல்லைங்க, பெட்டி."

"ஊரை உட்டுப் போறதெல்லாம் வண்டிதானுங்க" என்றார் முருகேசன். மறுபடி அடித்தால் காய இரண்டு நாள் ஆகுமாம். மறுநாள் பள்ளியில் சேர வேண்டும்.

நான் விடவில்லை. நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட வைத்திருந்த பிரவுன் பேப்பரை எடுத்தேன். சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் கொஞ்சம் மைதாப் பசை கேட்டு வாங்கினேன். ஊர் பெயரின் மேல், மயில்களின் மேல், 'ஒலி எழுப்பவும்' மேல் எல்லாம் ஒட்டினேன். முருகேசன் அடுத்த லாரிக்குப் பெயின்ட் கலக்கப் போய்விட்டார். ரூத் மட்டும், "அம்மா, மயிலு பாவம்" என்றாள். ஐசக் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொண்டுவந்திருந்த துணிமணிகளைப் பெட்டிக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டு, மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். இந்தப் பக்கத்தில் கலக்கி என்று ஒன்று போடுவார்கள். முட்டையைக் குழம்பும் மிளகும் விட்டு அடித்து, பாதி வெந்தும் வேகாமலும் கல்லிலிருந்து எடுத்து இலையில் ஊற்றுவார்கள். ஈப்போவில் சீனர் காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையை மிளகு தூவி உறிஞ்சியவள் நான், எனக்கு இது தொண்டையில் இறங்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வரும். ரூத் இரண்டு கலக்கி சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டாள். விடுதியில் கலக்கி கிடைக்குமா என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் அந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ராசிபுரம் போகிற பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்றினோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. கண்டக்டர் குடத்தை எடுத்துக்கொண்டு கிணறு தேடிப் போக, ஆண்கள் எல்லாம் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். இங்கே பஸ் நின்றால் அதை எல்லாருமாகக் குணப்படுத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கோடை மழை வேறு சடசடவென்று அடித்துவிட்டு ஓடிப்போனது. மழை என்றதும் என் பிரவுன் பேப்பர் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

ராசிபுரத்தில் சேலம் பஸ் மாற வேண்டும். ஒரு சுமை கூலிக்காரர் வந்து பெட்டியை இறக்கினார். ஐசக் எதிரே நின்ற சேலம் பஸ்ஸைக் காட்டி, "அதோ அதுல மேல ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு எங்களை டீக்கடைக்கு அழைத்துப் போனார். டீ பாதி குடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. மூன்று பேரும் ஓடி ஏறினோம்.

பக்கத்தில் சேலத்துப் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். வழக்கம்போல "எந்த ஊருங்க?" நான் மலேசியா என்றதும் துள்ளினார். "எங்க மச்சான் பினாங்குல கடை வெச்சிருக்காருங்க. அங்கல்லாம் மழை விடாதாமே?" பினாங்கு மழை முடிந்து, ஈப்போ மழை முடிந்து, சேலம் நெருங்கும்போது அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அதுக்கு முன்னால எந்த ஊருங்கம்மா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சேலத்தில் இறங்கிப் பார்த்தால் பஸ் கூரையில் வாழைத்தார் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, பெட்டி இல்லை. ரூத்தின் சீருடை, போர்வை, நான் ஒரு மாதம் உட்கார்ந்து பெயர் தைத்த துணிகள், செல்லம்மாக்கா கொடுத்த எள்ளுருண்டை டப்பா, எல்லாம் போயிற்று. பாய் தன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு நேரக் காப்பாளர் அறை வரை வந்தார், எங்கள் சார்பில் சத்தமும் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நான் ஐசக்கைத் திட்டினேன். அவர் கூலிக்காரரைத் திட்டினார். ரூத் யாரையும் திட்டவில்லை, பாய் வாங்கிக் கொடுத்த தட்டுவடையை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு எங்களுக்குத் தெரிந்த ஒரு போதகர் வீட்டில் தங்கினோம்.

இரண்டாம் நாள் பெட்டி இல்லாமலே மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளை ரூத் விரலால் எண்ணிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் வாந்தி வந்து இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. மேலே குளிர்ந்த காற்று, காப்பிச் செடி, பெரிய பெரிய மரங்கள். எங்கள் ஈப்போ பக்கத்துக் கேமரன் மலைக்கே போய்விட்டதுபோல் இருந்தது. இதுதான் பிள்ளைக்குச் சரியான இடம் என்று மறுபடி மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடுதியைக் காட்டினார். நீளமான அறை, வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு கறுப்புப் பெட்டி. கடைசிக் கட்டிலின் கீழே மட்டும் வெறும் தரை. அது ரூத்துக்கு ஒதுக்கியது. "குழந்தை இன்றைக்கே இருக்கட்டும், மாற்றுத் துணி நாங்கள் தருகிறோம், பெட்டி கிடைத்ததும் அனுப்புங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் சரி என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் ரூத் அந்த இரண்டு நாளில் சாப்பாடு தவிர முதல்முறையாகத் தனக்காக ஒன்று கேட்டாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "எம் பெட்டி இல்லாம நான் இருக்கமாட்டேம்மா."

"அடம் பிடிக்காதே" என்றேன்.

"அடமில்ல. பெட்டில ஊர் பேரு இருக்குதுல்ல. அது இருந்தா இருப்பேன்."

ஐசக் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை தூரம் வந்து, ஒரு பச்சைப் பெட்டிக்காகத் திரும்புவதா? தலைமை ஆசிரியைதான் சிரித்து, "திங்கட்கிழமை பெட்டியோடு வாருங்கள், கட்டில் காத்திருக்கும்" என்றார். மலை இறங்கி அன்றும் அதே போதகர் வீட்டில் தங்கினோம்.

மூன்றாம் நாள் ராசிபுரத்தில் இறங்கியதும் ஐசக்குக்கு அந்தக் கூலிக்காரர் கண்ணில் பட்டார். நான்தான் முன்னால் போய் மறித்தேன். "எங்க பெட்டி எங்கீங்க?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அன்னிக்கே போயிருச்சுங்களே. மழைல பேப்பரு நனைஞ்சு தொங்குச்சுங்க, பாத்தா நாமகிரிப்பேட்டைன்னு எழுதியிருக்குது. நீங்க சேலம் பஸ்ஸைக் காட்டுறீங்க. பேச்சுலயே தெரியுதுங்க வெளியூருன்னு, பஸ்ஸு தெரியாம காட்டுறாங்கன்னு நெனச்சேன். நானே ஆத்தூர் பஸ்ஸுல ஏத்தி, நாமகிரிப்பேட்டைல எறக்கிருன்னு கண்டக்டர்ட்ட சொல்லி அனுப்பிச்சேன்." இதற்கு நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். ஐசக் நன்றியும் சொன்னார். பெட்டி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை மலை ஏறிவிடலாம் என்பது மட்டுமே என் மனதில் இருந்தது.

எங்கள் தெருவில் நுழைந்ததும் செல்லம்மாக்கா வீட்டு வாசலில் கூட்டம். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி நடையை வேகமாக்கினேன். எங்களைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. செல்லம்மாக்கா எழுந்து ஓடி வந்தார். தோட்டத்தில் பத்து ஆளை வேலை வாங்குகிற கனத்த பெண்மணி அவர், ஓடி நான் பார்த்ததே இல்லை. என்னைத் தாண்டிப் போய் ரூத்தைத் தூக்கிக்கொண்டார்.

"சாமி, வந்துட்டியா. எஞ்சாமி, வந்துட்டியா." தலையைத் தடவினார், கையைத் தடவினார், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்டி மட்டும் வருது, ஆளுங்க வரலை. கண்டக்டரைக் கேட்டா ஆளே ஏறலைங்கறான். என்னன்னுங்க டீச்சரம்மா நெனைக்கிறது? ரெண்டு நாளா இந்தத் தெருவுல ஒருத்தரும் சரியாச் சோறு திங்கலைங்க."

அவர் வீட்டு நடுக் கூடத்தில் பெட்டி இருந்தது. யாரோ ஈரம் துடைத்து, அடியில் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். பூட்டைக்கூட யாரும் தொடவில்லை. பிரவுன் பேப்பர் மூலையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. 'நாமகிரிப்பேட்டை' பளிச்சென்று தெரிந்தது.

சற்று நேரத்தில் செல்லம்மாக்காவின் கணவர் பழனியப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதிகம் பேசாத மனிதர். எங்கள் ஜெபக் கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. மலைமேல் எந்தப் பள்ளி என்று தெரியாததால், இரண்டு நாளாக ராசிபுரம், சேலம் என்று எங்களைத் தேடி அலைந்திருக்கிறார். முகமெல்லாம் புழுதி. எங்களைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியாஸ்பத்திரிலயும் பாத்துட்டுத்தானுங்க வாரேன்" என்றார் ஐசக்கிடம். "பேரெல்லாம் எழுதிக்கிட்டாங்க. எந்த ஊர் ஆளுங்கன்னு கேட்டாங்க."

"மலேசியான்னு சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எதுக்குங்க? மலேசியாக்காரங்கன்னா எங்கியோ இருந்து யாரோ வருவாங்கன்னு உட்டுருவாங்க. நாமகிரிப்பேட்டைன்னு எழுதிக் குடுத்தேன். நம்மூரு ஆளுங்க, ஒண்ணுன்னா நாங்கதான் வருவோம்னு சொல்லிட்டு வந்தேனுங்க."

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. இவர்கள் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தபோது, இந்த ஊர் பெயரைப் பசை போட்டு மறைத்தவள் நான். அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. செல்லம்மாக்கா, நான் பயணத்தில் பயந்துபோய் அழுகிறேன் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். ரூத் அதற்குள் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பெட்டி மலை ஏறவில்லை. வேண்டாம் என்று நான்தான் ஐசக்கிடம் சொன்னேன். "யோசிப்போம்" என்று இந்த முறை அவர் சொல்லவில்லை, அன்றே பள்ளிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, தபாலிலும் போட்டுவிட்டு வந்துவிட்டார். ரூத்தை உள்ளூரில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். ஆங்கிலம் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை. என் அக்கா எழுதிய பதிலை ஐசக்குக்குக்கூடக் காட்டவில்லை.

சில வாரம் கழித்து வேறு வேலையாக நாமக்கல் போனபோது அந்தப் பட்டறை வழியாக நடந்தேன். முருகேசன் ஒரு புது லாரியின் நெற்றியில் எழுதிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு ஏணியிலிருந்தே கேட்டார். "ஏனுங்கம்மா, பாப்பா பெட்டி நல்லபடியாப் போய்ச் சேந்துச்சுங்களா?"

"சேந்துச்சுங்க" என்றேன். "நீங்க எழுதியிருந்த ஊருக்கே சேந்துருச்சுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பிரஷ்ஷைத் தொட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் ஊர் பெயரைச் சொன்னேன். அதுக்கு முன்னால எந்த ஊரு என்று அவர் கேட்கவில்லை.